கோட்டைக்கு அடுத்து பழவந்தாங்கலா?

அன்புள்ள சார்,

ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி படித்துக்கொண்டிருக்கிறேன். பழகிப் பார்க்க, கடற்கரை முதல் தாம்பரம் வரை 18 மின்சார ரயில் நிலையங்களை ஓர் அரேயில் (வரிசைப் பட்டியலில்) போட்டு, ஒவ்வொன்றுக்கும் முந்தையது எது, அடுத்தது எது என்று காட்டப் பார்த்தேன். ஒவ்வொரு நிலையமாகத் திரும்பத் திரும்ப ஓடும் ஃபார்-இன் லூப் போட்டேன். அதில் ஐ (i) என்பது நிலையத்தின் இடத்தைக் குறிப்பது. கடற்கரையைத் தவிர எல்லாவற்றுக்கும் ஐ - 1 சரியாக வருகிறது. ஐ + 1 போட்டால் எங்கும் அன்டிஃபைன்ட், அதாவது மதிப்பே இல்லை என்று வருகிறது. கோட்டைக்கு மட்டும் அடுத்தது பழவந்தாங்கல் என்கிறது! இரண்டு நாளாக மண்டை குடைகிறது.

ஒரு வாசகர், குரோம்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

பழவந்தாங்கலை விடாமல் எழுதினீர்களே, நல்லதாயிற்று. விடை அதில்தான் இருக்கிறது. அரேயில் எண்ணிக்கை 0-இல் தொடங்கும். கடற்கரை 0, கோட்டை 1. பூங்கா, எழும்பூர், சேத்துப்பட்டு என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே போங்கள். பழவந்தாங்கல் 11. ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொரு ஒன்று! கூட்டுவதற்குப் பதில் ஒட்டிவிட்டது.

ஃபார்-இன் தரும் ஐ பார்க்க எண் மாதிரி இருக்கும், ஆனால் அது ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத் தொடர். பிளஸ் குறிக்கு ஒரு பக்கம் ஸ்ட்ரிங் வந்தால் ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையும் ஒட்டிவிடும். எழும்பூரில் 3-ம் 1-ம் சேர்ந்து 31. அந்த எண்ணில் நிலையமே இல்லை, அதனால் அன்டிஃபைன்ட். மைனஸுக்கு ஒட்டத் தெரியாது. ஸ்ட்ரிங்கை எண்ணாக மாற்றித்தான் கழிக்கும். முந்தைய நிலையம் ஒழுங்காக வந்தது அதனால்தான். இப்படிப் பாதி சரியாக வரும் புரோகிராம்தான் ஆளை ரொம்ப அலைக்கழிக்கும். உங்கள் மேல் தப்பில்லை.

அரேக்கு ஃபார்-இன் வேண்டாம். சாதாரண ஃபார் லூப் போதும். ஃபார்ஈச் பிடிக்கும் என்றால் அது உறுப்பு, இன்டெக்ஸ் (இட எண்), முழு அரே மூன்றையும் அந்த வரிசையில் கையில் கொடுக்கும். அந்த இன்டெக்ஸ் நிஜமான எண்.

அப்புறம் அந்தக் கடற்கரை. அங்கே ஐ - 1 என்பது -1. ஜாவாஸ்கிரிப்ட் எரர் காட்டாமல் அன்டிஃபைன்ட் தந்துவிட்டுப் போய்விடும். தாம்பரம் 17. அங்கே 18-ஐக் கேட்டாலும் அதே கதைதான். 2022-இல் ஜாவாஸ்கிரிப்டில் சேர்ந்த 'அட்' (at) முறையை இங்கே போடாதீர்கள். அதில் -1 கொடுத்தால் கடைசி உறுப்பு வரும். கடற்கரைக்கு முந்தைய நிலையம் தாம்பரம் ஆகிவிடும். சுற்றிவரும் பாதைக்கு அது சரி, இந்தத் தடத்துக்குச் சரியில்லை. ஐ பூஜ்யத்தைவிடப் பெரிதா என்று பார்த்து முந்தையதைக் காட்டுங்கள். ஐ + 1 அரேயின் நீளத்தைவிடச் சிறிதா என்று பார்த்து அடுத்ததைக் காட்டுங்கள். இரண்டு முனையிலும் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.

மாற்றி எழுதியதும் முதலில் கோட்டையைப் பாருங்கள். அடுத்தது பூங்கா என்று வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.