ஊவாபெய்ன் சேர்த்தும் சிவப்பணு வீங்காதது ஏன்?

வணக்கம். 0.9% உப்புநீரில் இட்ட இரத்தச் சிவப்பணுக்கள், ஊவாபெய்ன் (செல் சவ்விலுள்ள சோடியம்-பொட்டாசியம் பம்பைத் தடுக்கும் தாவர நச்சு) சேர்த்து ஒரு மணி நேரமாகியும் வீங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். செய்முறையில் பிழை தெரியவில்லை, அவகாசம்தான் போதவில்லை.

வெளியேற முடியாத ஹீமோகுளோபின் எந்நேரமும் நீரை உள்ளிழுக்கப் பார்க்கிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றுக்கு 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுக்கும் சவ்வுப் பம்பு அதை ஈடுகட்டுகிறது. ஊவாபெய்ன் அந்தப் பம்பை நிறுத்தினாலும், சிவப்பணுவின் சவ்வு சோடியத்தை மிக மெதுவாகவே கசியவிடுவதால், உள்ளே உப்பு சேர்ந்து, அதைத் தொடர்ந்து நீரும் புகுந்து செல் பருக்கப் பல மணி நேரம் பிடிக்கும்.

மாதிரியை 37 டிகிரியில் வைத்து, மறுநாள் ஹீமட்டோகிரிட் குழாயில் (மாதிரியின் மொத்தக் கன அளவில் செல்கள் எத்தனை பங்கு என்று காட்டும் மெல்லிய குழாய்) அளந்து பாருங்கள். மைக்ரோஸ்கோப்பில்தான் பார்ப்பதென்றால், மூடுதகட்டின் ஓரங்களை நகப்பூச்சால் அடைத்துவிடுங்கள். சென்னை வெயிலுக்கு நம் ஆய்வகங்களில் ஓயாமல் சுழலும் மின்விசிறிக் காற்றில் நீர் ஆவியாகி உப்புச் செறிவு கூடினால், வீங்க வேண்டிய செல் சுருங்கியே தெரியும்.