பாலைவன மணலில் கால் வைத்தால் என்ன கெட்டுவிடும்?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் பாதையை விட்டு இறங்கக் கூடாது என்கிறார்களே, வெறும் மணல்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். வெறும் மணல் இல்லை. குனிந்து பார்த்தால் கருகிய தோசை மாதிரி கறுத்து, மேடும் பள்ளமுமாக ஒரு பொருக்கு தெரியும். அதற்கு உயிர் உண்டு. மைக்ரோகோலியஸ் என்ற நீலப்பச்சைப் பாசி, மழை பட்டதும் ஊர்ந்து, போன வழியெல்லாம் பிசுபிசுப்பான உறையை விட்டுச் செல்லும், காய்ந்த பிறகும் அந்த உறைதான் மணலை நூல்போலக் கட்டிப்போட்டுக் காற்று அள்ளாமல் காக்கிறது. கூட வாழும் கொலீமா என்ற லைக்கன் (பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் உயிரி), காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்குகிறது.

காய்ந்திருக்கும்போது ஒரு மிதி போதும், அப்பளமாக நொறுங்கிவிடும். பாசி சில வருடங்களில் திரும்பலாம், லைக்கனுக்குப் பல பத்தாண்டுகள் ஆகும். அப்புறம், இளம் பொருக்கு மணல் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்கே தெரியாது. பாதையை விட்டு விலகித்தான் ஆகவேண்டும் என்றால் பாறைமேலோ வறண்ட ஓடையிலோ நடங்கள்.