அடகில் இருக்கும் ஐந்து பவுன்

கேள்வி: எனக்கு வயது 27. பி.காம். முடித்துவிட்டு மூன்று வருடமாகக் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். காலை 4.30-க்கு எழுந்துவிடுவேன். பச்சைத் தண்ணீர்க் குளியல், தியானம், டைரி எல்லாம் உண்டு. இலக்கைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். சாதித்தவர்களின் பேச்சுகளைத் தினமும் கேட்கிறேன். ஆனாலும் போன தேர்வில் ஏழெட்டுக் கேள்வியில் வாய்ப்பு போய்விட்டது. அப்பா ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறார். தங்கை மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறாள். (கோச்சிங் ஃபீஸுக்காக அவளுடைய 5 பவுன் செயின் 1,50,000 ரூபாய்க்கு பேங்கில் அடகில் இருக்கிறது. வட்டியை அப்பா கட்டிவிடுகிறார். அது தனி விஷயம்.) வாழ்க்கையில் முன்னேற நான் இன்னும் எந்தப் பழக்கத்தை வளர்த்துக்கொள்ள வேண்டும்?
– எஸ்., விருத்தாசலம்

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே, அதுதான் தம்பி உங்கள் கடிதம். மற்றதெல்லாம் ஜோடனை.

அது எப்படித் தனி விஷயம் ஆகும்? நாள் முழுக்கக் கடையில் நின்று சம்பாதிக்கிற பெண்ணின் செயின் மூன்று வருடமாக பேங்க் பெட்டகத்தில் கிடக்கிறது. நீங்கள் சுவரைப் பார்த்து இலக்கைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். இத்தனை டைரி எழுதியிருக்கிறீர்களே, அந்த நகையைப் பற்றி ஒரு வரியாவது அதில் இருக்கிறதா?

உங்கள் பாடத்திட்டத்தில் தனிவட்டியும் கூட்டுவட்டியும் இருக்கின்றன. போதாக்குறைக்கு பி.காம். வேறு. வீட்டு வட்டியை ஒருநாளாவது போட்டுப் பார்த்தீர்களா? எத்தனை சதவீதம் என்றுகூட எழுதவில்லை, தெரியாது என்றே எடுத்துக்கொள்கிறேன். 9 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 13,500 ரூபாய், மூன்று வருடத்துக்கு 40,500. அவ்வளவும் கட்டிய பிறகு அசல் எவ்வளவு குறைந்திருக்கிறது? ஒரு ரூபாய்கூட இல்லை. பேங்க் நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வருடக் கெடுதான். வருடம் முடிந்ததும் வட்டியைக் கட்டி, அதே நகையைத் திரும்ப வைப்பது. உங்கள் அப்பா இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். ஒரு வருடம் அவருக்கு உடம்புக்கு முடியாமல் போய்க் கெடு தாண்டினால் நோட்டீஸ் வரும். அதற்கும் பணம் கட்டாவிட்டால் ஏலம். ஏலத்தில் கடன் போக மீதி கைக்கு வரும்தான். ஆனால் அதே 40 கிராமைக் கடையில் போய் வாங்கும்போது இன்றைய விலை, செய்கூலி, சேதாரம், ஜி.எஸ்.டி. என்று எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

உங்கள் வீட்டாருக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஆம்பளைப் பிள்ளை படிக்கிறான் என்று பெண்ணின் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அவளைக் கேட்டார்களா, இல்லை சொன்னார்களா? 'கல்யாணம் கூடி வந்தால் திருப்பிக்கொள்ளலாம்' என்று சமாதானம் வேறு இருக்கும். அவள் நகையைத் திருப்ப மாப்பிள்ளை வந்துதான் ஆக வேண்டுமா? அது அவளுடைய சொத்து. அதைத் திருப்ப அந்த ஒரு காரணம் போதும்.

ஆக, வேலைக்குப் போங்கள். அடுத்த அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், இந்த மாதமே. டாலி என்கிற கணக்கு மென்பொருளும் ஜி.எஸ்.டி. பதிவும் தெரிந்த பி.காம். பட்டதாரிக்கு ஆடிட்டர் ஆபீஸிலோ மொத்த வியாபாரக் கடையிலோ இடம் கிடைக்கும். தெரியாவிட்டால் அதைப் படிப்பதுதான் முதல் வேலை. கையில் 12,000 வந்தால் 8,000 நகைக்கடனுக்கு. கெடு வரும்வரை சேர்த்து வைக்கிறேன் என்று கிளம்பாதீர்கள், சேராது. சம்பளம் வந்த அன்றே கடன் கணக்கில் கட்டுங்கள். நடுவில் பகுதித் தொகை கட்டலாமா, கட்டினால் அசலில் எப்படிக் கழிப்பார்கள் என்பதைக் கிளையில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மேலே சொன்ன வட்டிக்கு, முதல் மாதம் 1,125 வட்டிக்குப் போகும், 6,875 அசலில் கழியும். இருபத்தோராவது மாதம் செயின் வெளியே வந்துவிடும். அப்பா வட்டி கட்டுவதை இந்த மாதத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

படிப்பு கெட்டுவிடும் என்பீர்கள். நாள் முழுக்கப் படித்து மூன்று வருடத்தில் கிடைத்ததைத்தான் பார்த்தோமே. ஏழெட்டுக் கேள்வியில் போனவருக்கு உற்சாகப் பேச்சு மருந்தாகாது. எந்த ஏழெட்டு என்று தெரிய வேண்டும். மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கும் மனத்திறனும் 25. போன வினாத்தாளையும் இறுதி விடைக்குறிப்பையும் எடுத்து, விட்ட கேள்விகளை மூன்றாகப் பிரியுங்கள்: பார்த்தே இராதது, படித்து மறந்தது, தெரிந்தும் கோட்டைவிட்டது. முதல் வகைக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை பள்ளிப் புத்தகத்தில் விட்டுப்போன பாடத்தைத் தேடிப் படிக்க வேண்டும். இரண்டாவதற்குப் புதுப் புத்தகம் எதுவும் வேண்டாம், படித்ததையே மறுநாளும் அடுத்த வாரமும் மூடி வைத்துச் சொல்லிப் பாருங்கள். உங்களைப்போல வருடக்கணக்கில் படிப்பவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் மூன்றாவதில். "தவறானது எது" என்று கேட்டிருக்கும், சரியானதைத் தேடி வட்டமிட்டிருப்பீர்கள். அதற்கு ஞாயிறுதோறும் காலை 9.30 முதல் 12.30 வரை கடிகாரம் வைத்து முழுத் தேர்வு எழுத வேண்டும். விடைக்கு வட்டம் நிரப்பும் ஓ.எம்.ஆர். தாளில் விடை தெரியாத கேள்விக்கு 'E' வட்டத்தை நிரப்புவதும் அந்தப் பயிற்சியில் சேர்த்தி. அதில் கோட்டைவிட்டாலும் மதிப்பெண்ணைப் பிடித்துவிடுவார்கள்.

காலை 4.30-க்கு எழுவதை விட வேண்டாம். தியானத்தையும் டைரியையும் கால் மணி நேரத்துக்குள் முடித்தால் வேலைக்குப் போகும்முன் மூன்று மணி நேரம் கிடைக்கும். கணக்கு தினமும் அரை மணி, மீதி தமிழும் பொது அறிவும். சாதித்தவர்கள் பேச்சு வேண்டாம். 27 வயதில் வயது வரம்பு உங்களைத் துரத்தவும் இல்லை.

இன்று இரவே தங்கையிடம் நகைச்சீட்டை எடுத்து வைத்துக் கணக்கைக் காட்டுங்கள். மன்னிப்புப் பேச்செல்லாம் அப்புறம், முதலில் தொகையும் மாதமும். கடன் அப்பா பெயரில் இருந்தால் நகையை மீட்கும்போது அவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். சீட்டில் எழுதியிருக்கும் எடையோடு ஒப்பிட்டு, கவுன்ட்டரிலேயே எடை போட்டு வாங்குங்கள். கொக்கியும் கண்ணியும் சரியாக இருக்கின்றனவா என்று தங்கை பார்த்துச் சொன்ன பிறகு கையெழுத்து.