திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தை குறித்து

அன்புச் சகோதரிக்கு, திருமுழுக்குக் கொடுக்கும் முன்பே இறந்துபோன உங்கள் குழந்தை ‘லிம்போ’வில்தான் இருக்கும், விண்ணகம் சேராது என்று உறவினர் ஒருவர் உறுதியாகச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அப்படியோர் உறுதியைத் திருச்சபை தந்ததில்லை. ஆதாம் வழியாக எல்லாருக்கும் பிறப்பிலேயே வந்து, திருமுழுக்கால் நீங்கும் பிறப்புநிலைப் பாவத்தோடு இறக்கும் குழந்தைகளுக்கு மிக இலேசான தண்டனையேனும் உண்டு என்று புனித அகுஸ்தீன் கருதினார். அந்தக் கடுமையைத் தணிக்க முயன்ற இடைக்கால இறையியலாளர்கள், கடவுளை நேருக்கு நேர் காணும் பேறு இல்லாவிட்டாலும் வேதனையும் இல்லாத ஒரு நிலையாக லிம்போவை விளக்கினார்கள். நெடுங்காலம் மறைக்கல்வியில் கற்பிக்கப்பட்டதால் பெரியவர்கள் மனத்தில் அது பதிந்துவிட்டது, அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது விசுவாசக் கோட்பாடாக வரையறுக்கப்படவே இல்லை.

1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடும்படி இயேசு சொன்னதை 1261ஆம் எண்ணில் நினைவூட்டி, இத்தகைய குழந்தைகளுக்கும் மீட்பின் வழி உண்டென எதிர்நோக்கலாம் என்கிறது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டின் ஒப்புதலுடன் 2007இல் பன்னாட்டு இறையியல் ஆணையம் வெளியிட்ட ஆவணமும் அந்த எதிர்நோக்குக்கு வலுவான காரணங்களை முன்வைக்கிறது. இது எதிர்நோக்கே தவிர, திட்டவட்டமான அறிவு அன்று என்பதையும் அவ்வாவணமே மறைக்காமல் சொல்கிறது.

ஆலய முறைப்படி அடக்கம் செய்யத் தடை உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்தால் ஆயரின் அனுமதியுடன் அச்சடங்கை நடத்தலாம் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1183ஆம் பிரிவு கூறுகிறது. பங்குத்தந்தையிடம் தயங்காமல் கேளுங்கள்.