இரை தேடுவதிலேயே நேரம் போக்கும் ஆண் டால்பினுக்கு ஜோடி அமையுமா?

அமையும். "கடற்பஞ்சு மாட்டிக்கொண்டு வேட்டையாடும் டால்பின் தனிமரம்" என்று ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என நினைக்கிறேன். கடற்பஞ்சு என்பது கடலடியில் ஒட்டி வாழும் ஓர் உயிரினம், ஸ்பாஞ்ச். என்னையும் தனிமரம் என்று சொல்லக் கேட்டவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் இரும்புத்தாதுச் சுரங்கத்தில் வேலை. இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் பெர்த்தில். ஒரு விடுப்பில் கூட வேலை செய்பவர்களோடு அங்கே இருக்கும் ஷார்க் பே என்ற விரிகுடாவுக்குப் போய்ப் படகு ஏறினேன். ஆழமான பகுதியில் ஒரு டால்பின் மூச்சு வாங்க மேலே வந்தது. மூக்கில் உறை மாட்டியதுபோலப் பழுப்புக் கடற்பஞ்சு. அடிமணலைக் கிளறும்போது மூக்கில் அடிபடாமல் இருக்கத்தான் அது. பதுங்கிய மீன் துள்ளி வெளியே வந்ததும் பஞ்சை விட்டுவிட்டு மீனைப் பிடிக்கும். அப்புறம் பஞ்சைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்ளும். தாயைப் பார்த்துப் பழகுகிற வித்தை.

இதற்கு நேரம் நிறைய வேண்டும். அங்கே ஆண்கள் இரண்டு மூன்றாகக் கூட்டு சேர்ந்துதான் பெண்ணை மடக்குகின்றன. அப்படியானால் பஞ்சு மாட்டும் ஆணுக்குக் கூட்டாளி ஏது என்று தோன்றும். 2019இல் வந்த ஆய்வில் பஞ்சு மாட்டும் 13 ஆண்களையும் மாட்டாத 24 ஆண்களையும் ஒப்பிட்டார்கள். முதல் வகை இரை தேடக் கூடுதல் நேரம் செலவிட்டது, ஓய்வைக் குறைத்துக்கொண்டது. ஆனால் சகாக்களோடு பழகும் நேரத்தில் வித்தியாசமே இல்லை. சொந்தபந்தம் பார்க்காமல், பஞ்சு மாட்டும் மற்ற ஆண்களோடே அதிகம் சேர்ந்து திரிந்தது. ஷார்க் பே ஆண்களைப் பற்றிய 2022 ஆய்வு ஒன்றில், தன் கூட்டணிக்குள் நன்றாக ஒட்டிப் பழகிய ஆண்களுக்கே குட்டிகள் அதிகம் என்று தெரிந்தது.

இதைப் படித்தபோது எங்கள் ஷிஃப்ட் ஆட்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். டால்பினும் மனிதனும் ஒன்றா என்று சண்டைக்கு வராதீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. பெண்ணை மடக்கிப் பிடிப்பதை நியாயப்படுத்தவும் இல்லை. நேரமில்லாதவனுக்கு உறவே இருக்காது என்ற பேச்சைத்தான் மறுக்கிறேன். எனக்கு வந்த வரன் ஒன்றில் பெண் வீட்டார், "மாசத்தில் பாதிக்கு மேல் சுரங்கத்தில் கிடப்பவன் குடும்பம் நடத்துவானா?" என்று தரகரிடம் கேட்டு அனுப்பினார்கள். என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். வீட்டில் இருக்கும் அந்த ஒரு வாரத்தில் நான் எப்படி இருப்பேன் என்று யாருமே விசாரிக்கவில்லை.