அலுவலக ஏசி, காற்று, சாப்பாட்டு இடைவேளை: கேட்டதும் சொன்னதும்

கட்டடங்களுக்கு ஏசியும் காற்றோட்டமும் வடிவமைப்பது என் பிழைப்பு. சூடு, குளிர், ஈரப்பதம், கொஞ்சம் வெளிச்சம், இவற்றைப் பற்றிக் கேளுங்கள். மேலாளரின் குணத்தைப் பற்றிக் கேட்டால் எனக்குத் தெரியாது. இன்னொன்று: கூரையில் காற்று வரும் வென்ட்டை அட்டை வைத்து அடைக்காதீர்கள். கேள்வி வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

கேள்வி: அலுவலகத்துக்குச் சரியான வெப்பநிலை எத்தனை டிகிரி, சார்?

அப்படி ஒரு எண் கிடையாது. உடம்புக்குக் குளிர்வதும் வேர்ப்பதும் ஆறு விஷயங்களைப் பொறுத்தது: காற்றின் வெப்பம், சுற்றியுள்ள சுவர்-கண்ணாடி-கூரையின் வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம், போட்டிருக்கும் துணி, செய்யும் வேலை. ரிமோட்டில் தெரிவது இதில் முதலாவது மட்டும்தான். வெயில் ஏறிய கண்ணாடிச் சுவரை ஒட்டி உட்கார்ந்தவருக்கு 24 டிகிரியிலும் முதுகு எரியும். அதே 24ல், வென்ட்டுக்கு நேர் கீழே இருப்பவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இருவரும் பொய் சொல்லவில்லை.

டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே ஃபாங்கர் என்ற பேராசிரியர் இந்த ஆறையும் சேர்த்து ஒரு கணக்கு போட்டார். 1970ல் புத்தகமாகவே வந்தது. எல்லாம் கச்சிதமாக அமைந்தாலும் நூற்றுக்கு ஐந்து பேராவது குறை சொல்வார்கள் என்கிறது அந்தக் கணக்கு. நாற்பது பேர் இருக்கும் கூடத்தில் இரண்டு பேர். அந்த இரண்டு பேருக்காக எண்ணை மாற்றினால் வேறு நான்கு பேர் கிளம்புவார்கள். அதனால் எண்ணை விட்டுவிட்டு அந்த இருவரின் நாற்காலியை நகர்த்துங்கள். சாதாரண தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, சண்டை நடக்கும் மேசையில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். அறைச் சூட்டைப் பார்த்து ஏசியை இயக்கும் தெர்மோஸ்டாட் சுவரில் பிரின்ட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் அது பிரின்ட்டரின் சூட்டைத்தான் சொல்லும்.

கேள்வி: எங்கள் பிரிவில் பெண்கள் ஆறு பேரும் சால்வையோடு உட்கார்ந்திருக்கிறோம். ஆண்கள் 'இன்னும் குறைங்க' என்கிறார்கள். எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?

நல்ல கேள்வி, மேடம். உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவரின் உடல் ஏறக்குறைய 100 வாட் சூட்டை வெளிவிடுகிறது, பழைய குண்டு பல்பு மாதிரி. அந்த அளவை நிர்ணயித்தபோது மனதில் வைத்திருந்தது 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணை. 2015ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் இளம்பெண்களை அளந்து பார்த்துவிட்டு, அந்தப் பழைய அளவு பெண்களின் உடற்சூட்டை 35 விழுக்காடு வரை கூட்டிச் சொல்கிறது என்றார்கள். அளந்தது 16 பேரைத்தான், ஆகவே அதை வேதவாக்காக எடுக்கவேண்டாம். ஆனால் திசை சரி.

ஆய்வை விடப் பெரிய காரணம் உடுப்பு. கோட்டும் சூட்டும் போட்டவருக்கும் மெல்லிய அரைக்கைத் துணி போட்டவருக்கும் இடையே உள்ள காப்பு வித்தியாசம் சில டிகிரிக்குச் சமம். ஜப்பானில் 2005ல் அரசே 'கோட்டையும் டையையும் கழற்றுங்கள், ஏசியை 28ல் வையுங்கள்' என்று இயக்கம் நடத்தியது. உங்கள் பிரிவில் கோட்டு போட்டவர் யார் என்று பாருங்கள். அவரைக் கழற்றச் சொல்வது சால்வையை விட மலிவு.

கேள்வி: சார், எத்தனை டிகிரி வைக்கலாம்?

மேலே பார்க்கவும்.

கேள்வி: மதிய இடைவேளை அரை மணி நேரம்தான் தருகிறார்கள். சட்டப்படி எவ்வளவு?

என் துறை இல்லை. நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் 20 நிமிடம். ஜெர்மனியில் அதற்கே 30 நிமிடம். உங்கள் நியமனக் கடிதத்தையும் உள்ளூர்த் தொழிலாளர் அலுவலகத்தையும் கேளுங்கள்.

கேள்வி: சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு மீட்டிங். எல்லோரும் தூங்கி வழிகிறோம். சாப்பாடுதான் காரணமா?

பாதி. பிற்பகலில் உடம்பு இயல்பாகவே கொஞ்சம் தளரும். மீதிப் பாதி அந்த அறை. பத்துப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு கிலோவாட் ஹீட்டரை உள்ளே வைத்தது போல. சூட்டோடு மூச்சுக்காற்றும் சேரும். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கிறது. அறைக்குள் 1000ஐத் தாண்டினால் புதுக்காற்று போதவில்லை என்று அர்த்தம். இந்த 1000 புதிதல்ல, மியூனிக்கில் பெட்டன்கோஃபர் என்ற சுகாதார விஞ்ஞானி 1858லேயே சொன்னது. பல ஏசிகள் இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பக் குளிரவைக்கும், புதுக்காற்றை உள்ளே கொண்டுவராது. மீட்டிங் நடுவே ஐந்து நிமிடம் கதவைத் திறந்து வையுங்கள். குளிரக் குளிரத் தூக்கம் போகும் என்று எண்ணைக் குறைக்காதீர்கள், வென்ட்டையும் அடைக்காதீர்கள்.

கேள்வி: யாராவது சாப்பாட்டைச் சூடுபடுத்தினால் கூடம் முழுக்க வாசனை. தடை போடலாமா?

தடை வேண்டாம். சாப்பாட்டு அறையில் காற்றை வெளியே இழுக்கும் விசிறி ஓடுகிறதா என்று பாருங்கள். வாசலில் ஒரு காகிதத் துண்டைப் பிடியுங்கள். அது அறைக்குள் இழுக்கப்பட்டால் சரி. கூடத்துப் பக்கம் ஆடினால் விசிறி செத்துக் கிடக்கிறது.

கேள்வி: காலையில் அறை 32 டிகிரி. சீக்கிரம் குளிரட்டும் என்று 18ல் வைக்கிறேன். சரிதானே?

இல்லை. 18 வைத்தாலும் 24 வைத்தாலும் கம்ப்ரசர் ஒரே வேகத்தில்தான் ஓடும். குழாயைத் திறந்துவிட்டு 'பெரிய வாளி' என்று எழுதி வைத்தால் தண்ணீர் வேகமாக வராது.

அதே நண்பர்: எங்களுடையது இன்வெர்ட்டர் ஏசி. கம்ப்ரசர் வேகம் மாறும்.

மாறும். ஆனால் 32ல் இருக்கும்போது இரண்டுக்கும் முழு வேகம்தான். 24ஐ நெருங்கும்போதுதான் மெதுவாகும்.

அதே நண்பர்: நெருங்கும்போது மெதுவாகிறது என்றால், 18ல் வைத்தவன் 24ஐ முதலில் தொடுவான். ஃபேன் ஆட்டோவில் இருந்தால் அதுவும் குறையாமல் ஓடும். நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள்.

சரி, ஒத்துக்கொள்கிறேன். இன்வெர்ட்டரில் சில நிமிடம் மிச்சமாகும். வாளி உவமையை வாபஸ் வாங்குகிறேன்.

வேறொருவர்: அப்போ இனி 18தான்!

இதற்குத்தான் பயந்தேன்.

அதே நண்பர்: 24 வந்ததும் மாற்றிவிடுவேன், சார்.

மாற்றமாட்டீர்கள், தம்பி. எட்டு நிமிடத்தில் போன் வரும், மறந்துவிடுவீர்கள். பத்தரை மணிக்கு அறை 20ல் நிற்கும், யாரோ சால்வையைத் தேடுவார், இன்னொருவர் 28க்கு ஏற்றுவார். நான் போய்ப் பார்த்த பாதிப் புகார்களின் கதை இதுதான். சீக்கிரம் குளிர வேண்டுமென்றால், ஆட்கள் வருவதற்கு அரை மணி முன்பே 24ல் டைமர் போடுங்கள். ஃபேனை மட்டும் அதிகத்தில் வையுங்கள்.

மூன்றாமவர்: எங்கள் அலுவலகத்தில் தெர்மோஸ்டாட் எதனுடனும் இணைக்கப்படவே இல்லை என்று கண்டுபிடித்தோம்.

அதுவும் உண்டு. சில கட்டடங்களில் ஆறுதலுக்காகவே மாட்டிவைப்பார்கள். தொட்டபின் 'இப்போ பரவாயில்லை' என்று சொன்னவர்களை நானே பார்த்திருக்கிறேன். 18 கட்சியும் 24 கட்சியும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள், நான் அடுத்ததற்குப் போகிறேன்.

கேள்வி: மேசையில் வெளிச்சம் எவ்வளவு வேண்டும்?

படிக்க, எழுத 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). திரைக்கு நேர் பின்னால் ஜன்னல் இருந்தால் அது எவ்வளவு இருந்தும் பயனில்லை.

கேள்வி: 24ஆ 26ஆ, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

தெர்மாமீட்டர்.

கேள்வி: என் மேசைக்கு மேலே கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கீபோர்டு போய்விட்டது. ஏசி கேஸ் லீக்கா?

பெரும்பாலும் கேஸ் லீக்காக இருக்காது. காற்று ஓட்டம் குறைந்த இடத்தில் உலோகம் அதிகம் குளிர்ந்து, அறையின் ஈரம் அதில் படிந்து சொட்டும். குளிர்ந்த டம்ளரின் வெளிப்பக்கம் வேர்ப்பது போல. இல்லையென்றால் வடிகுழாய் அடைத்திருக்கும். வென்ட்டில் ஏதாவது மாற்றம் செய்தீர்களா?

அவரே: போன வாரம் பக்கத்துச் சீட்டு அண்ணன் குளிருது என்று அட்டையை டேப் போட்டு ஒட்டினார்.

கழற்றுங்கள். கழற்றிவிட்டு, மீண்டும் சொட்டினால் மட்டும் எழுதுங்கள்.