கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது, டாக்டரிடம் போகணுமா?

கேள்வி: என் கணவருக்கு 56 வயது, காசிமேட்டில் மீன் ஏலக் கணக்கு எழுதுகிறார். போன வாரம் விடியற்காலையில் டீ கிளாஸ் கையிலிருந்து நழுவி விழுந்தது, வலது கையைத் தூக்க முடியவில்லை, பேச்சும் குழறியது. கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. தூக்கம் இல்லாததுதான் காரணம் என்று வேலைக்குப் போய்விட்டார். மருந்துக் கடையில் ஆஸ்பிரின் வாங்கிக் கொடுத்தால் போதுமா?
- ஒரு வாசகி, காசிமேடு

பதில்: போதாதும்மா. இன்றைக்கே அவரை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் எழுதியிருப்பது டிஐஏ மாதிரி தெரிகிறது, மினி ஸ்ட்ரோக் என்பார்களே, அதுதான். மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் அடைபட்டு, அடைப்பு தானாக விலகியிருக்கிறது, ஆனால் அந்த ரத்தக்கட்டி எங்கிருந்து கிளம்பியதோ அந்த இடம் அப்படியே இருக்கிறது. இப்படி வந்த மூன்று மாதத்துக்குள் பக்கவாதம் வருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது முதல் 2 நாளிலேயே வந்துவிடும். ஒரு வாரம் தாண்டிவிட்டதால் ஆபத்து குறைந்திருக்கும், தீர்ந்துவிடவில்லை.

முதலில் ஸ்கேன். மூளையில் ரத்தக்கசிவு இருந்தாலும் இதே அறிகுறிகள் வரலாம், ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரினை அப்போது கொடுத்தால் கெடுதல், அதனால்தான் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள் என்கிறேன். அப்புறம் கழுத்து டாப்ளர், அதாவது மூளைக்குப் போகும் கழுத்து ரத்தக்குழாய்களைப் பார்க்கும் ஸ்கேன். வலது கையையும் பெரும்பாலும் பேச்சையும் இயக்குவது மூளையின் இடது பக்கம் என்பதால் இடது பக்கக் குழாயைக் கவனமாகப் பார்ப்பார்கள், அங்கே 70 சதவீதத்துக்கு மேல் சுருக்கம் இருந்தால் ஆபரேஷன் தேவைப்படலாம், அதையும் 2 வாரத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம். ஈசிஜி கட்டாயம். இதயம் தாறுமாறாகத் துடித்தால் உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டியாகும், அதற்கு ஆஸ்பிரின் போதாது, வேறு மாத்திரை வேண்டும். அந்தத் துடிப்பு வந்து வந்து போகும் என்பதால் ஒருநாள் முழுக்க மெஷின் மாட்டியும் பார்ப்பார்கள்.

இதயத்தில் கோளாறு இல்லையென்றால் பெரும்பாலும் ஆஸ்பிரின், அதேபோல ரத்தம் கட்டாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் இரண்டும் சேர்த்து 3 வாரம், பிறகு ஏதாவது ஒன்று மட்டும், கூடவே கொழுப்புக்கு ஸ்டேட்டின். பிரஷர் 130/80-க்குக் கீழே இருக்கவேண்டும். நம்மாட்கள் பிரஷர் இறங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், அது மட்டும் வேண்டவே வேண்டாம், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்களே. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றோடு விடச் சொல்லுங்கள்.

மறுபடி வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ சரியாகுமா என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். ஆரம்பித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். தண்ணீர், சோடா எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம், புரையேறிவிடும்.